மெல்லிசைக் குழுவில் ஐந்து கம்பி பான்ஜோ: சேலத்தில் செய்து பார்த்தது

கீபோர்டு, தபேலா, டோலக், ரிதம் பேட், ஒரு பேஸ் கிட்டார். சேலம் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் பெரும்பாலும் இதுதான் அமைப்பு. இதற்குள் ஐந்து கம்பி பான்ஜோவை (வட்ட டிரம் முகமும் நீண்ட கழுத்தும் உள்ள அமெரிக்கக் கம்பி வாத்தியம்) கொண்டுவந்தால் அது எங்கே உட்காரும், எதோடு மோதும் என்று பார்த்து எழுதிய குறிப்புகள் இவை. புல்புல் தாராவையும் வடக்கே பேஞ்சோ என்பார்கள். பொத்தான் அழுத்தி வாசிக்கும் அந்தப் பெட்டி வேறு, இது வேறு.

முதலில் கருவியின் குணம். கிட்டாரில் கம்பியின் அதிர்வை மரப்பலகை மெதுவாக வாங்கிக்கொள்ளும். அதனால் நாதம் நிற்கும். பான்ஜோவில் குதிரை (கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ்) நிற்பது டிரம் போல இழுத்துக் கட்டிய மெல்லிய ஹெட்டின் மேல். அது கம்பியின் சக்தியை ஒரேயடியாகக் குடித்து வெளியே வீசிவிடும். அதனால் சத்தம் பெரியது, ஆயுள் சின்னது. இழுத்துப் பாடும் வரியை இதில் வாசித்தால் பாதியிலேயே செத்துவிடும். நின்று ஒலிக்காத ஸ்வரத்துக்குப் பதில் அடுத்தடுத்த ஸ்வரங்களால் இடத்தை நிரப்பிக்கொண்டே போக வேண்டும். கம்பி கட்டிய தாளவாத்தியம் என்று நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கம்பி, ஹெட், குதிரை

வழக்கமான ஐந்து கம்பி பான்ஜோவில் வளையத்தின் விட்டம் 11 அங்குலம், கம்பி நீளம் சுமார் 26¼ அங்குலம், கழுத்தில் 22 ஃப்ரெட் (விரல் அழுத்தும் உலோகக் குறுக்குக்கட்டை). ஐந்தாவது கம்பி மட்டும் கழுத்தின் நடுவில், ஐந்தாம் ஃப்ரெட் அருகே உள்ள தனிச் சுருதி முடுக்கியிலிருந்து தொடங்கும். பின்னால் ரெசனேட்டரும் (ஒலியை முன்பக்கம் திருப்பும் மரத் தட்டு) உள்ளே கனமான உலோக வளையமும் உள்ள மாடல் 5 கிலோ வரை கனக்கும். அகலமான தோல் பட்டை இல்லாமல் நின்று வாசிக்க முடியாது.

பான்ஜோ கம்பி செட் நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. 9–42 எலக்ட்ரிக் கிட்டார் செட் ஒன்றும், 10 அளவில் தனிக் கம்பி இரண்டும் வாங்கினால் போதும் (எண்கள் கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). செட்டில் உள்ள 11, 16, 24 ஆகியவை முறையே இரண்டு, மூன்று, நான்காம் கம்பிகள்; தனியாக வாங்கிய 10 இரண்டும் ஒன்றாவதும் ஐந்தாவதும். டெயில்பீஸ் (கம்பிகளின் அடிமுனையை மாட்டும் உலோகத் துண்டு) கண்ணி மாட்டும் வகையாக இருந்தால் கிட்டார் கம்பி முனையில் உள்ள பித்தளைக் குண்டைக் கட்டிங் பிளையரால் மெதுவாக நசுக்கி எடுத்துவிடலாம். மிஞ்சுவது கண்ணிதான். நசுக்கும்போது கம்பியில் கடி விழுந்தால் அந்த இடத்திலேயே அறுந்துவிடும்.

ஹெட்டை முறுக்குவதில்தான் பலரும் கருவியைக் கெடுக்கிறார்கள். ஹெட்டை இறுக்கும் மேல்வளையத்தைக் கீழே இழுத்துப் பிடிக்கச் சுற்றி வழக்கமாக 24 கொக்கிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்டு. நட்டின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அளந்து பார்த்து அதற்கேற்ற பாக்ஸ் ஸ்பானர் வாங்க வேண்டும். பிளையர் போட்டால் நட்டின் முனை மழுங்கும். ஒரு கொக்கிக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒன்றை முறுக்கியதும் அடுத்து நேர் எதிரில் உள்ளதை முறுக்க வேண்டும். வரிசையாகச் சுற்றி வந்தால் மேல்வளையம் ஒரு பக்கம் சாயும். சாய்ந்த பிறகு எவ்வளவு முறுக்கினாலும் சத்தம் தெளியாது. ஸ்டீல் ஸ்கேலை வைத்து வளையத்தின் உயரத்தை நான்கைந்து இடங்களில் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பிகளை உள்ளங்கையால் அடக்கிவிட்டு, ஒவ்வொரு கொக்கிக்கும் நேராகப் பென்சில் முனையால் ஹெட்டைத் தட்டினால் எல்லா இடத்திலும் ஒரே சுருதி கேட்க வேண்டும். மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்கும் காது இங்கே அப்படியே உதவும். ரெசனேட்டர் உள்ள பான்ஜோவுக்குத் தட்டுச் சுருதி ஜி ஷார்ப் பக்கம் இருந்தால் நல்லது. அதற்கு மேல் ஆசைப்பட்டால் ஹெட் விளிம்பில் கிழியும். தளர்வாக விட்டால் குதிரை அடியில் ஹெட் குழிந்து, சத்தம் தொளதொளவென்று வரும்.

குதிரை ஒட்டப்படுவதில்லை, கம்பியின் அழுத்தத்தில் நிற்கிறது. கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட வேண்டும். ஐந்தையும் ஒரே நேரத்தில் அவிழ்த்தால் குதிரை விழுந்துவிடும், இடமும் தொலைந்துவிடும். இடம் கண்டுபிடிக்க, முதல் கம்பியில் 12-ஆம் ஃப்ரெட்டில் தொட்டு எடுக்கும் மணியொலியையும் அதே ஃப்ரெட்டில் அழுத்தி எடுக்கும் ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிட வேண்டும். அழுத்திய ஸ்வரம் கூடுதலாக இருந்தால் குதிரையை டெயில்பீஸ் பக்கம் தள்ளுங்கள்; குறைந்தால் கழுத்துப் பக்கம். பிறகு நான்காம் கம்பிக்கும் அதையே பார்த்து, அந்தப் பக்கத்தைச் சற்றுப் பின்னால் சாய்க்க வேண்டியிருக்கும். மூன்றாம் கம்பி எப்போதும் கொஞ்சம் அடம்பிடிக்கும். தடித்த வெறும் கம்பி என்பதால் அழுத்தினால் சுருதி ஏறும். அதற்கென்றே நடுவில் பின்வாங்கி வெட்டிய குதிரைகள் உண்டு.

குதிரையின் வழக்கமான உயரம் 5/8 அங்குலம், எடை 2 கிராமை ஒட்டி. அடிக்கட்டை மேப்பிள், உச்சியில் கருங்காலிப் பட்டை. கனம் கூடினால் ஒலி மழுங்கும். இழைத்து இழைத்துக் கனத்தைக் குறைத்தால் பளிச்சென்று வரும், ஒரு கட்டத்துக்கு மேல் தகரம் போலக் கத்தும். கிராமில் பத்தில் ஒரு பங்கு கூடக் காதுக்குத் தெரியும் என்பதால் சமையலறைத் தராசு பிரயோசனமில்லை. இந்த வசதியில் சேலத்தை அடிக்க ஆளில்லை: வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் நுண்ணிய தராசும் நுண்ணிய அரமும் இருக்கும். ஐந்தாம் கம்பிக்குச் சுருதி ஏற்ற 7, 9, 10-ஆம் ஃப்ரெட்டுகளுக்குச் சற்றுப் பின்னால் அடிக்கும் குட்டி ஆணிகளுக்கும் அங்கே உள்ள மெல்லிய டிரில்தான் தோது. ஆணியின் தடிமனைவிட ஒரு நூலிழை சிறிய துளை போதும். தலையை ரொம்ப ஆழமாக இறக்கினால் கம்பி கீழே இழுக்கப்பட்டுச் சுருதி ஏறிவிடும்.

வலது கை

கட்டை விரலுக்குப் பிளாஸ்டிக் பிக், ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் உலோகப் பிக். உலோகப் பிக்கின் அலகு விரலின் சதைப்பக்கம் இருக்க வேண்டும், நகத்தின் மேல் அல்ல. மோதிர விரலோ சுண்டுவிரலோ ஹெட்டின் மேல் லேசாக ஊன்றி நிற்கும். குதிரையில் ஊன்றினால் ஒலி அமுங்கும். சித்திரை வெயிலில் வியர்வையால் பிக் சுழலும். உட்புறத்தில் வயலின் ரோசினைக் கொஞ்சம் தேய்த்தால் பிடிக்கும்.

ரோல் என்பது எட்டு ஸ்வரத்தில் முடியும் விரல் சுற்று. அடிப்படையான முன்னோக்கு ரோலில் விரல்கள் கட்டை, ஆள்காட்டி, நடு, கட்டை, ஆள்காட்டி, நடு, கட்டை, நடு. கம்பிகள் 3 2 1 5 2 1 5 1. வாயால் சொன்னால் தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு. பான்ஜோவின் துள்ளல் முழுக்க இந்தக் கணக்கில்தான் இருக்கிறது: கீழே அடி நான்கு நான்காக நடக்கும்போது மேலே கட்டைவிரல் மூன்றாக விழுந்து, கடைசி இரண்டில் வந்து சேர்ந்துகொள்கிறது. ஆதி தாளம் போட்டுக்கொண்டே பழகலாம். முதல் காலத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்கு ஒரு ரோல், அடுத்த காலத்தில் இரண்டு, பிறகு நான்கு. மெட்ரனோம் கிளிக் வைத்துப் பழகுகிறவர்கள் செய்யும் தவறு, ஒவ்வொரு கிளிக்கிலும் ஊன்றி அடிப்பது. அழுத்தம் கிளிக்கில் விழுந்தால் தகிட கலைந்து வெறும் எட்டாகிவிடும்.

இந்த மூன்று விரல் நடையை உலகறியச் செய்தவர் அமெரிக்கப் பான்ஜோ கலைஞர் எர்ல் ஸ்க்ரக்ஸ். 1945 டிசம்பரில் பில் மன்றோவின் புளூ கிராஸ் பாய்ஸ் குழுவில் சேர்ந்தார். அவர் 1949-இல் பதிவு செய்த ஃபாகி மௌன்டன் பிரேக்டவுன் இன்றும் பழகுகிறவர்களின் அளவுகோல். அந்த வேகத்தில் நொடிக்குப் பத்து ஸ்வரம் வரை வரும். அத்தனை ஸ்வரமும் பாட்டு அல்ல. அழுத்தம் விழும் இடங்களில் மட்டும் மெட்டின் ஸ்வரம், மற்றதெல்லாம் நிரப்பல். மெட்டை முழுவதும் வாசிக்க முயன்றால் கை தடுமாறும்.

சுருதி

வழக்கமான ஜி சுருதியில் நான்காம் கம்பி முதல் முதலாவது வரை டி, ஜி, பி, டி. குட்டிக் கம்பி, அதாவது ஐந்தாவது, மேல் ஜி. நம் கணக்கில் ஜி ஐந்து கட்டை. அதை ஷட்ஜமாக வைத்தால் மந்திர பஞ்சமம், ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம், மேல் ஷட்ஜம். காந்தாரம் திறந்த கம்பியிலேயே இருப்பதால் சங்கராபரணம், மோகனம் சாயலில் உள்ள பாட்டுக்குக் கை தானாகப் போகும். மத்யமாவதி வேண்டுமானால் அந்தக் காந்தாரம் உறுத்தும். இரண்டாம் கம்பியை அரை ஸ்வரம் ஏற்றிச் சி ஆக்கினால் அது சுத்த மத்யமமாகிவிடும். ரிஷபத்தையும் நிஷாதத்தையும் மட்டும் அழுத்தி எடுத்தால் போதும். நாட்டுப்புற மெட்டுகள் பலவற்றுக்கு இதுவே பொருந்துகிறது.

பாடுகிறவருக்கு ஐந்தரைக் கட்டை என்றால் முதல் ஃப்ரெட்டில் கேப்போ (நான்கு நீளக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப்), குட்டிக் கம்பியை அரை ஸ்வரம் ஏற்றினால் முடிந்தது. ஆண் குரலுக்கு ஒரு கட்டை என்றால் ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போ போடுவார்கள். அப்போது கழுத்து குட்டையாகி ஒலி மெலிந்துவிடும். நான்காம் கம்பியை டி-யிலிருந்து சி-க்கு இறக்கி, இரண்டாவதை சி-க்கு ஏற்றுவது மேல். இப்போது குட்டிக் கம்பி பஞ்சமமாக ஒலிக்கும். இரண்டு கட்டைக்கு இதே அமைப்பில் இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ, குட்டிக் கம்பி 7-ஆம் ஃப்ரெட் ஆணியில்.

கமகத்தில் எல்லை உண்டு. ஜாரு (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குச் சறுக்குவது) எடுபடும், இடது கை விரலால் தட்டி எடுப்பதும் இழுத்து விடுவதும் எடுபடும். நீளமாக அசைத்து நிற்கும் காந்தாரம் கனவில்கூட வராது. பான்ஜோ கலைஞர் பெலா ஃப்ளெக் தபேலா மேதை ஜாகிர் உசேனோடு வாசித்த ஆல்பங்களைக் கேட்டால் அவர் கமகத்தைத் துரத்தாமல் தாளக் கணக்கில் போய் நிற்பது தெரியும்.

யாரை நிறுத்துவது

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் அமெரிக்கக் கண்டத்தில் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திச் செய்ததுதான் இதன் மூலம். பின்னால் அது ஜனரஞ்சக இசையில் ஓங்கி நின்ற இடங்களைப் பார்த்தால் ஒரு பொருத்தம் தெரிகிறது. 1925 முதல் பதிவான லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஜாஸ் குழுவான ஹாட் ஃபைவில் ஜானி செயின்ட் சிர் பான்ஜோ வாசித்தார். அந்தக் குழுவில் டிரம்ஸ் இல்லை, பேஸும் இல்லை. மன்றோவின் குழுவில் டிரம்ஸ் இல்லை. 2009-இல் முதல் ஆல்பத்தோடு வந்த மம்ஃபோர்ட் அண்ட் சன்ஸ், பெரும்பாலும் பாடகர் காலால் அடிக்கும் ஒரு கிக் டிரம்மை வைத்தே பான்ஜோவை ஓட விட்டார்கள். முழு டிரம்ஸ் ஓடும் ஈகிள்ஸின் டேக் இட் ஈஸியில் (1972) பெர்னி லீடனின் பான்ஜோ பின்னணியில்தான் இழைகிறது. பியான்ஸேயின் டெக்சஸ் ஹோல்ட் எம் (2024) பாட்டை ரியானான் கிடன்ஸின் பான்ஜோ தொடங்கிவைக்கும்போது அங்கே வேறு தாளமே இல்லை.

ஆக, மேல்ஸ்தாயித் தாளத்தை வேறு ஒருவர் வைத்திருக்கும் குழுவில் பான்ஜோவுக்கு வேலை இல்லை. நம் குழுவில் முதலில் நிறுத்த வேண்டியது பேடில் ஓடும் ஹைஹேட் (ஜோடிச் சிம்பல் ஒலி). அது ஓடும்வரை பான்ஜோ சத்தம்தான், இசை இல்லை. அடுத்து டோலக்கின் வலந்தலை (கூர்மையாக ஒலிக்கும் முகம்). தபேலாவில் பாயா (கீழ்க்குரல் டிரம்) மட்டும் போதும். பறையின் சிம்புக்குச்சியும் (மெல்லிய நீளக் குச்சி) பான்ஜோவும் ஒரே உயரத்தில் மோதும். பறை சேர்ந்தால் பான்ஜோ பல்லவி இடைவெளிகளில் மட்டும் வரட்டும். உருமி அருமையாகப் பொருந்துகிறது. அதன் இழுத்த கீழ்க்குரலும் பான்ஜோவின் குட்டைச் சொட்டுகளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. பாடகர் வரி பாடும்போது ரோலை நிறுத்திவிட்டு இரண்டாம், நான்காம் அடியில் மட்டும் கம்பிகளைக் கிள்ளி உடனே அடக்க வேண்டும். வரி முடியும் இடத்தில் ரோல். கீபோர்டுக்காரரிடம் வலது கையை இறக்கச் சொல்ல நாசூக்கு வேண்டும்.

மைக்கை ஹெட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, குதிரைக்கு நேராக இல்லாமல் கழுத்து சேரும் பக்கம் பார்த்து வைப்பது நல்லது. மிகத் தாழ்ந்த ஸ்வரமே 147 ஹெர்ட்ஸ்தான். நான்காம் கம்பியை சி-க்கு இறக்கினால் 131. அதனால் 100-க்குக் கீழே வெட்டிவிடலாம். 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைத்தால் காது குத்துவது அடங்கும். ஊளை (ஃபீட்பேக்) கேட்டால் ஹெட்டின் உட்புறம் சின்னத் துணிச்சுருளைச் செருகுங்கள்.

மலையேறினால்

கொண்டை ஊசி வளைவு இருபதும் ஏறி ஏற்காட்டுக்குப் போனால் சுமார் 1,500 மீட்டர் உயரம். கீழே இருந்த சூட்டில் ஏழெட்டு டிகிரி குறையும். குளிரில் எஃகுக் கம்பி சுருங்கும், ஹெட்டும் இறுகிக் குதிரையை மேலே தள்ளும், சுருதி ஏறியிருக்கும். பழைய தோல் ஹெட்டாக இருந்தால் கதை தலைகீழ். பனிமூட்டத்தின் ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். பிளாஸ்டிக்கில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் கழுத்து மரம் ஈரம் குடிக்கும். பெட்டியைத் திறந்து அரை மணி நேரம் விட்ட பிறகே சுருதி சேர்க்க வேண்டும். இறங்கியதும் மறுபடி இதே வேலை, எதிர்த்திசையில். அதற்காகக் கொக்கிகளைத் தொடக் கூடாது, முடுக்கிகளிலேயே சரிசெய்யலாம். மே மாதம் சேலத்தில் பூட்டிய காருக்குள் கருவியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் பசை இளகி ஓரப்பட்டி கழன்று வரும். அதை முடுக்கியால் சரிசெய்ய முடியாது.