ஆடிப் பதினெட்டுக்கு முன்னும் பின்னும்

2025 ஜூன் 17, செவ்வாய்

கல்லணையை ஞாயிறு மாலை திறந்தார்கள். திருவையாற்றுக்குக் காவிரி வந்துவிட்டது. காலையில் படித்துறைக்குப் போய்வந்த மாமா வாசலில் நின்றபடியே சொன்னார். அதற்குப் பிறகு பிள்ளைகளைப் பிடித்துவைக்க முடியவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் புஷ்ய மண்டபத்துப் படியில் போய் உட்கார்ந்தோம். முதல் தண்ணீர் தெளிவாக வராது. சருகையும் நுரையையும் முன்னே தள்ளிக்கொண்டு, கலங்கலாக, மணலின் பள்ளங்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வரும். சின்னவனுக்கு மூன்று வயது. சென்ற ஆண்டு பார்த்தது அவனுக்கு நினைவில்லை. வெறும் மணலாகக் கிடந்த இடத்தில் ஆறு ஓடுவதைப் பார்த்துப் பேச்சில்லாமல் நின்றான்.

இந்தத் தண்ணீர் எப்போது கிளம்பியது என்று மூத்தவள் கேட்டாள். மேட்டூரில் 12ஆம் தேதி திறந்தார்கள் என்றேன். விரலை மடக்கி எண்ணினாள். "அப்படியானால் இது வியாழக்கிழமைத் தண்ணீரா? நான் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் இருந்தபோது இது வழியில் வந்துகொண்டிருந்ததா?" ஆமாம் என்றேன். நான் பிறந்து வளர்ந்ததும் இந்த ஆற்றங்கரையில்தான். தண்ணீரைக் கிழமை சொல்லி அழைக்க எனக்குத் தோன்றியதே இல்லை.

ஜூன் 20, வெள்ளி

முருங்கைக்கீரை. நானே உருவினால் கால் மணி நேரத்தில் முடியும். இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள், ஒரு மணி நேரம் ஆயிற்று. தைத்துக் கொடுக்கவேண்டிய ரவிக்கைகள் மேசையில் காத்துக்கொண்டிருந்தன. இருந்தாலும் அவர்களை எழுப்பி அனுப்பவில்லை.

பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டவேண்டும் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். என் வீட்டில் நான் பார்ப்பது வேறு. அவர்களுக்கு வேண்டியது வேலை. அதுவும் பொம்மைப் பாத்திரத்தில் செய்யும் பொய்ச் சமையல் இல்லை. முடிந்தபின் எல்லோரும் சாப்பிடுகிற சமையல். இன்று கீரைப் பொரியலை அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "காம்பு இருக்கிறதா பாருங்கள் அப்பா, நான்தான் உருவினேன்" என்று மூத்தவள் பக்கத்திலேயே நின்றாள். நல்லவேளை, காம்பு அகப்படவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டுவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். மாமா மூத்தவளைக் கொல்லைக்கு அழைத்துப்போய்த் தென்னை மரத்தைக் காட்டினார். இதன்மேல் இதே மாதிரி இன்னொன்றை நிறுத்தினால் ஏறக்குறைய அவ்வளவு ஆழம் என்றார். நிமிர்ந்து பார்த்த வேகத்தில் பின்பக்கமாகவே உட்கார்ந்துவிட்டாள்.

ஜூலை 9, புதன்

சின்னவனுக்கு இரண்டு இரவாகக் காய்ச்சல். ஈரத்துணி போடுவதும் கஞ்சி கொடுப்பதுமாக அவரும் நானும் மாறி மாறி விழித்தோம். இன்று தணிந்தது. காலையில் எழுந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "கோழிக்கு யார் அரிசி போட்டார்கள்?" அது அவன் வேலை. அவன் இல்லாமல் நடந்துவிட்டதே என்ற கவலை அவனுக்கு. நேற்று அப்பாயி போட்டார்கள், இன்று நீதான் போடவேண்டும் என்றேன். கால் தள்ளாட எழுந்து நடந்தான்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. எதிர் வீட்டுப் புதுமருமகளை ஆடிச்சீர் கொண்டுவந்து தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். தெருவில் ஒலிபெருக்கிச் சத்தம் தொடங்கிவிட்டது.

கடைத்தெருவில் சப்பரத்தட்டிகள் வரத் தொடங்கிவிட்டனவாம். ஆடிப்பெருக்கன்று ஆற்றுக்கு இழுத்துப்போகிற சின்ன மரத்தேர்தான் சப்பரத்தட்டி. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கலர் காகிதம் ஒட்டியதை வாங்கலாம் என்றார் அவர். மாமா கேட்கவில்லை. பழைய பழப்பெட்டியைப் பிரித்துப் பலகைகளை அடுக்கி, வட்டத்துக்குச் சில்வர் டம்ளரைக் கவிழ்த்து கோடு போட்டு, சக்கரம் அறுக்க உட்கார்ந்துவிட்டார். உப்புத்தாள் போடும் வேலை சின்னவனுக்கு. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு ஒரே சக்கரத்தை மாலை முழுவதும் தேய்த்தான். தாத்தா தடவிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சொரசொரப்பு இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்தார். குழந்தைதானே என்று ஏற்றுக்கொள்ளாமல் திருப்பிக் கொடுத்தாரே, அதுதான் மரியாதை. அவனும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டான்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. விடியும் முன்பே படித்துறையில் கூட்டம். தன் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் எள்ளும் தண்ணீரும் விட மாமா போனபோது மூத்தவளும் அடம்பிடித்துக் கூடப் போனாள். திரும்பி வந்ததும் தாத்தாவின் அப்பா பெயர், அவருடைய அப்பா பெயர், பாட்டிமார் பெயர் எல்லாவற்றையும் என்னிடம் ஒப்பித்தாள். அதில் இரண்டு பெயர்கள் எனக்கே தெரியாதவை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் ஏன் கேட்காமல் போனேன் என்று நினைக்கவில்லை. ஆறு வயதில் இவள் தெரிந்துகொண்டுவிட்டாளே என்றுதான் நெஞ்சு நிறைந்தது.

இரவு ஐயாறப்பர் கோயிலில் அப்பருக்குக் கயிலைக்காட்சி. வடக்கே ஒரு குளத்தில் மூழ்கியவர் இங்கே எழுந்த கதையைச் சொன்னேன். "மாற்றுத்துணி வைத்திருந்தாரா?" என்றான் சின்னவன், உண்மையான கவலையோடு.

ஜூலை 25, வெள்ளி

முளைப்பாரி போட்டோம். ஊறவைத்த நவதானியம், பொடித்த எரு, இரண்டு சின்ன மண்சட்டி. வெளிச்சம் படாத மூலை. அத்தை முறை சொன்னார்கள், கை எல்லாம் பிள்ளைகளுடையது.

ஜூலை 30, புதன்

இரவில் எல்லோரும் தூங்கியபின் எழுதுகிறேன். முளை நான்கு விரல் உயரம், வெளிர் மஞ்சளாக நிற்கிறது.

பெருக்கிய வீட்டை நாளைக்கும் பெருக்கவேண்டும், துவைத்ததை மறுபடியும் துவைக்கவேண்டும். இதில் மிஞ்சுவது என்ன என்று முன்பெல்லாம் மனம் சோர்ந்துபோகும். இப்போது அப்படிச் சோர்வதில்லை. ஜூன் மாதம் தண்ணீர்ச் செம்பை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கி, பாதியை வழியிலேயே சிந்தியவன், இன்று ஒரே கையில் தூக்கிச் சட்டிக்கு நிதானமாகத் தெளித்தான். செம்பும் அதேதான், தண்ணீரும் அதே அளவுதான். கைதான் வேறு. தினமும் ஒரே வேலை என்பது எனக்கு மட்டும்தான். அவர்களுக்கு நேற்றைய வேலை இன்றைக்கு இல்லை. பக்கத்தில் இருந்து பார்க்க எனக்குக் கொடுத்துவைத்திருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காவிரி பல படிகளை விழுங்கிவிட்டு ஓடுகிறது. அவர் பிள்ளைகளை இரண்டு கையிலும் இறுகப் பிடித்துக்கொண்டார். வாழை இலையில் மஞ்சள் பிள்ளையார், காதோலை கருகமணி, பழம், வெற்றிலை பாக்கு, காப்பரிசி. அத்தை எனக்கு மஞ்சள் கயிறு கட்டினார்கள், நான் அத்தைக்குக் கட்டினேன். மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொள்ள மாமாவும் பேரனும் வரிசையில் நின்றார்கள்.

கடையில் வாங்கிய தட்டிகள் பளபளவென்று போயின. எங்களுடையதில் காகிதம் குறைவு, சக்கரம் ஓட்டம் அதிகம். தெருமுனையில் ஒரு பையன் நிறுத்தி, சக்கரத்தைத் தடவிப் பார்த்தான். "நான் தேய்த்தது" என்றான் சின்னவன்.

முளைப்பாரியை ஆற்றில் விடும்போது மூத்தவள் அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, "கும்பகோணம், மயிலாடுதுறை, பூம்புகார்" என்று வழியைச் சொல்லிக்கொண்டாள். பிறகு கணக்குப் போடத் தொடங்கினாள்: கடலுக்கு எந்தக் கிழமை போய்ச்சேரும்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தட்டியைப் பரணில் ஏற்றலாம் என்று எடுத்தேன். சின்னவன் விடவில்லை. மேல் காகிதத்தை அவனே கிழித்துவிட்டு, கொல்லையில் பறித்த கத்தரிக்காயை ஏற்றி அடுக்களைக்கு இழுத்து வந்தான். துணி காயப்போடும்போது ஈரத்துணியும் அதில்தான் வந்தது. பின்பக்கத்து ஆணி ஒன்று தளர்ந்திருக்கிறது. நாளை தாத்தாவிடம் காட்டவேண்டும் என்று இரண்டு முறை நினைவூட்டிவிட்டுத் தூங்கப் போனான்.