அடுத்த கலத்தில் இடம் தருகிறேன் என்று சொன்னது

சரக்கு விண்கலத்தின் பட்டியலிலிருந்து கடைசி நேரத்தில் ஒரு பெட்டியை எடுத்துவிடுவது எங்கள் பணியில் அரிதான செயல் அல்ல. எடை, அடைக்கும் இடம், கலத்தின் ஈர்ப்பு மையம் எங்கே விழும் என்ற கணக்கு ஆகிய மூன்றும் ஒத்துவந்தால்தான் எதுவும் ஏறும். ஆனாலும் அந்த ஒரு பெட்டியை, அதைவிட அந்தப் பெட்டிக்கு உரிய ஆய்வாளரிடம் தொலைபேசியில் நான் சொன்ன இரண்டு வாக்கியங்களை, என்னால் இன்னும் விட்டுவிட முடியவில்லை.

உயிருள்ள மாதிரிகளை ஏவுதலுக்குச் சற்று முன்புதான் ஏற்றுவார்கள் என்பதால் கதவருகே உள்ள சில பைகள் அவற்றுக்காகக் காத்திருக்கும். அவருடைய உயிரணு மாதிரிகளுக்கான இடம் அங்கேதான் இருந்தது. அந்த நேரத்தில், சர்வதேச விண்வெளி நிலையத்தில் சிறுநீரைக் குடிநீராக்கும் அமைப்பின் பம்பு ஒன்றில் மின்னோட்டம் சீராக இல்லை என்ற தகவல் வந்தது. மாற்றுப் பம்பு ஒன்று மேலே ஏற்கெனவே இருந்தது. இரண்டாவதாக ஒன்றை அனுப்ப வேண்டுமா என்று கேட்டார்கள். அனுப்பலாம் என்று பரிந்துரைத்தவன் நான். அந்தப் பரிந்துரையில் எனக்கு அப்போது தயக்கமே இல்லை.

அதற்காக அவருடைய பெட்டியை எடுக்கிறோம் என்று தொலைபேசியில் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "ஏற்கெனவே ஒரு பம்பு இருக்கிறதே, இன்னொன்றை அடுத்த கலத்தில் அனுப்பக்கூடாதா?" என்று மட்டும் கேட்டார். "அடுத்த கலம் போய்ச் சேரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது" என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. அந்த அமைதியைப் பொறுக்க முடியாமல், "உங்கள் பெட்டிக்கு அடுத்த கலத்தில் கட்டாயம் இடம் தருகிறேன்" என்றும் சேர்த்துச் சொன்னேன். "அதற்குள் என் மாணவருக்கு ஆய்வுக் காலம் முடிந்துவிடும்" என்றார் அவர்.

முதல் வாக்கியம் பொய்யல்ல. 2014 அக்டோபர் 28 அன்று சிக்னஸ் என்ற சரக்குக் கலத்தைச் சுமந்த ராக்கெட் கிளம்பிய சில நொடிகளில் வெடித்தது. 2015 ஏப்ரல் 28 அன்று ஏவப்பட்ட புரோகிரஸ் சரக்குக் கலம் சுற்றுப்பாதையில் கட்டுப்பாடிழந்து சுழன்றது. அதே ஆண்டு ஜூன் 28 அன்று டிராகன் சரக்குக் கலமும் ராக்கெட்டோடு சிதறியது. மூன்று வெவ்வேறு வடிவமைப்புகள், எட்டே மாத இடைவெளி. ஜூலை தொடக்கத்தில் அடுத்த புரோகிரஸ் பத்திரமாகப் போய் இணைந்தபோதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு மூச்சு வந்தது. அந்த மாதங்களைப் பார்த்தவர்கள் யாரும் 'அடுத்தது வரும்' என்ற நம்பிக்கையில் உதிரிபாகத்தைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

ஆனால் அடுத்த கலத்தை நம்ப முடியாது என்றால் பம்புக்கும் நம்ப முடியாது, அவருடைய பெட்டிக்கும் நம்ப முடியாது. ஒரே மூச்சில் ஒரு பக்கம் அதை நிச்சயமற்றது என்றும் மறுபக்கம் கட்டாயமானது என்றும் சொல்லியிருக்கிறேன். அவர் இதைக் கவனித்திருப்பார் என்றே நினைக்கிறேன். சுட்டிக்காட்டாதது அவருடைய பண்பு.

இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்றும் தோன்றுகிறது. பம்பு நின்றால் மேலே இருப்பவர்கள் சிறுநீரைக் கலன்களில் சேர்த்துவைத்து, இருப்பில் உள்ள நீரைக் குடிக்க வேண்டியிருக்கும். 2024 மே மாத இறுதியில் அப்படி ஒரு பம்பு பழுதானபோது, ஸ்டார்லைனர் விண்கலத்தில் நிலையத்துக்குப் புறப்படவிருந்த சுனிதா வில்லியம்ஸ், புட்ச் வில்மோர் இருவரின் சொந்த உடைகள் இருந்த பைகளை இறக்கிவிட்டுப் புதிய பம்பை ஏற்றினார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது, நான் செய்தது முறையானதுதான் என்று ஆறுதலாக இருந்தது. பிறகு யோசித்தால், அங்கே பம்பு உண்மையிலேயே பழுதாகியிருந்தது. இங்கே ஓடிக்கொண்டிருந்த பம்பில் ஒரு சந்தேகம் மட்டுமே இருந்தது.

பை மாற்றிய அன்று நானும் கூடவே இருந்தேன். அவருடைய பெட்டியின் அளவுக்கு நுரைப்பஞ்சில் ஏற்கெனவே குழி வெட்டியிருந்தார்கள். பம்பு அதற்குள் அமரவில்லை; அதை உருவிவிட்டுப் புதிதாக வெட்டி, பட்டைகளை இறுக்கினார்கள். ஓரமாக வைத்த பழைய நுரைப்பஞ்சில் அவருடைய ஆய்வின் எண் எழுதிய சீட்டு ஒட்டியபடியே இருந்தது. அதை உரித்தெடுத்து ஏட்டில் ஒட்டும் வேலை என்னுடையது.

சந்தேகப்பட்ட பம்பு பிறகும் நன்றாகவே ஓடியது. நாங்கள் அனுப்பியது உறை பிரிக்கப்படாமலே கிடந்து, பயன்பாட்டுக் காலம் முடிந்ததும், கழிவு ஏற்றித் திரும்பும் கலம் ஒன்றில் வைக்கப்பட்டுத் தென் பசிபிக்குக்கு மேலே வளிமண்டலத்தில் எரிந்துபோனது. உதிரிபாகம் பயன்படாமல் போவது தோல்வி ஆகாது என்று பயிற்சிக்கு வருபவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன், அதை நம்பவும் செய்கிறேன். அந்தக் கழிவுப் பட்டியலில் கையெழுத்திட்டபோது அந்த நம்பிக்கை எனக்குப் போதுமானதாக இல்லை.

அவருடைய பெட்டிக்கு அடுத்த கலத்தில் இடம் ஒதுக்கினேன். அந்தக் கலமும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. புதிய மாதிரிகளோடு வேறொரு மாணவர் வந்திருந்தார். முதல் மாணவரைப் பற்றி நான் கேட்கவில்லை.

அதே தகவலும் அதே பட்டியலும் நாளை என் முன் வந்தால் பம்பைத்தான் ஏற்றச் சொல்வேன். தொலைபேசியில் இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்பேனா என்று கேட்டால், இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்லாவிட்டால் அவருக்காக அந்த இடத்தை மற்றவர்களோடு வாதாடிப் பிடித்து வைத்திருப்பேனா என்பதில் எனக்குத் தெளிவில்லை.