வாடகைக்குத் துண்டு விழுந்தால்: லண்டன் கவுன்சில்களிடம் உதவி கேட்கும் முறை

வாடகை உதவி கேட்டு வரும் விண்ணப்பத்தைக் கையில் எடுக்கும் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) அலுவலர் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுவார். மாதம் எவ்வளவு துண்டு விழுகிறது? ஏன் விழுகிறது? எப்போது நிற்கும்? நம் ஆட்கள் எழுதும் படிவங்களில் பல நேரம் முதல் கேள்விக்கே விடை இருக்காது. விலைவாசி, நோய், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் பக்கம் நிறைய இருக்கும். தொகை மட்டும் இருக்காது. ஹரோ, பிரென்ட், நியூஹம், ரெட்பிரிட்ஜ் என்று எந்தக் கவுன்சிலாக இருந்தாலும் படிவத்தின் தோற்றம்தான் மாறும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வாடகைத் துண்டுக்காக 2001 முதல் இருந்துவந்தது டிஸ்கிரெஷனரி ஹவுசிங் பேமென்ட், சுருக்கமாக டி.எச்.பி. சாப்பாடு, கரண்ட், காஸ் போன்ற செலவுகளுக்கு 2021 அக்டோபரில் ஹவுஸ்ஹோல்ட் சப்போர்ட் ஃபண்ட் வந்தது. 2026 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் இரண்டும் கிரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் என்ற ஒரே நிதிக்குள் வந்துவிட்டன. வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும் ஏற்பாடு வேறு. அந்த நிதியில் வாடகைக்கான பகுதியை இங்கே பழைய பெயரில் டி.எச்.பி என்றே எழுதுகிறேன். பெயர் மாறினாலும் இது உரிமைப் பணம் அல்ல. இவ்வளவுதான் என்று அளந்து ஒதுக்கிய காசு; கொடுப்பதும் மறுப்பதும் கவுன்சிலின் விருப்பம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் பெப்ரவரி, மார்ச்சில் கேட்டால் பை காலியாக இருக்கக்கூடும். துண்டு விழும் என்று தெரிந்த மாதத்திலேயே கேட்பது நல்லது, கடன் ஏறும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

டி.எச்.பி கேட்க, வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மாதாமாதம் தரும் யுனிவர்சல் கிரெடிட்டில் வீட்டுச் செலவுப் பகுதி இருக்க வேண்டும், அல்லது பழைய வாடகை உதவியான ஹவுசிங் பெனிபிட் இருக்க வேண்டும். ஆகவே கவுன்சிலுக்குப் போகும் முன் யுனிவர்சல் கிரெடிட் ஸ்டேட்மென்டைத் திறந்து, வாடகைக்கு என்று எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த வரியே இல்லாவிட்டால் பெரும்பாலும் வாடகை ஒப்பந்தம் சரிபார்க்கப்படவில்லை என்று அர்த்தம். அதை யுனிவர்சல் கிரெடிட் ஆன்லைன் கணக்கின் செய்திப் பக்கமான ஜேர்னலில் எழுதித் தீர்க்காமல் கவுன்சிலுக்கு எழுதினால், "முதலில் யுனிவர்சல் கிரெடிட்டைக் கேளுங்கள்" என்ற ஒரு வரிப் பதில்தான் வரும்.

துண்டைக் கணக்குப் போடுவதில் வழக்கமாக நடக்கும் பிழை கிழமை வாடகையை நாலால் பெருக்குவது. கிழமைக்கு 370 பவுண்டு என்றால் மாதம் 1,480 அல்ல. 370ஐ 52ஆல் பெருக்கி 12ஆல் வகுக்க வேண்டும்: 1,603.33. நாலால் பெருக்கியவர் மாதம் 123 பவுண்டுத் துண்டைத் தானே மறைத்துவிடுகிறார். இனி யுனிவர்சல் கிரெடிட் வாடகைக்கு 1,350 தருகிறது என்று வைத்துக்கொண்டால் துண்டு 253.33. படிவத்தின் முதல் வரியில் இந்த எண்ணை எழுதுங்கள், மற்ற எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

ஏன் விழுகிறது என்பதற்குத் தனியார் வீட்டில் இருப்பவருக்கு அநேகமாக இரண்டில் ஒன்றுதான் காரணம். ஒன்று, தனியார் வாடகைக்கு அரசு தரும் உதவிக்கு வரம்பு வைக்கும் லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ். அந்தப் பகுதி வாடகைகளை மலிவிலிருந்து வரிசைப்படுத்தினால் நூற்றில் முப்பதாவது இடத்தில் நிற்கும் தொகைதான் உச்சவரம்பு. 2024 ஏப்ரலில் கடைசியாக உயர்த்தினார்கள், அதற்குப் பிறகு அப்படியே உறைந்திருக்கிறது, வாடகையோ உறையவில்லை. 35 வயதுக்குட்பட்ட தனியாளுக்குப் பகிர்ந்து வாழும் அறைக்கான தொகைதான் கிடைக்கும். எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் நான்கு படுக்கையறைக்கு மேல் கணக்கில்லை.

மற்றது பெனிபிட் கேப், அதாவது ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் அரசு உதவிகளின் மொத்தத்துக்கு வைத்த வரம்பு. லண்டனுக்குள் தம்பதிக்கும் பிள்ளைகளோடு இருப்பவருக்கும் எல்லா உதவியும் சேர்த்து மாதம் 2,110.25 பவுண்டு, பிள்ளைகள் இல்லாத தனியாளுக்கு 1,413.92. லண்டனுக்கு வெளியே 1,835, 1,229.42. 2023 ஏப்ரலில் வைத்த தொகைகள் இவை. கணவன் மனைவி சம்பளம் சேர்த்து ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கேப் விழாது. 2025-26இல் அந்த அளவு மாதம் 846 பவுண்டாக இருந்தது; குறைந்தபட்சச் சம்பளத்தில் கிழமைக்கு 16 மணி நேர வேலைக்குச் சமம். சம்பளத்தோடு சேர்ந்து இதுவும் ஏப்ரலில் ஏறும், ஆகவே மணிநேரத்தைக் கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவருக்கு நோய்க்கோ உடற்குறைக்கோ தரும் பிப் உதவி கிடைத்தாலும், ஒருவர் பராமரிப்பாளருக்கான பகுதியைப் பெற்றாலும் கேப் கிடையாது. வேலை நேரத்தைக் கிழமைக்கு மூன்று மணி கூட்டினால் கேப் போய்விடும் என்ற நிலையில் இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு டி.எச்.பி என்பது அந்த வேலை கிடைக்கும்வரைக்குமான பாலம். அலுவலருக்கும் அப்படித்தான் எழுதிக் காட்ட வேண்டும். கவுன்சில் வீட்டிலோ ஹவுசிங் அசோசியேஷன் வீட்டிலோ இருப்பவருக்குத் துண்டு மேலதிக அறையால் வரும்: ஓர் அறை கூட என்றால் 14 சதவீதம், இரண்டோ அதற்கு மேலோ என்றால் 25 சதவீதம் வெட்டு.

டி.எச்.பி தொடாத செலவுகளும் உண்டு. தண்ணீர்க் காசு, வாடகையோடு சேர்த்து வரும் வெப்பமூட்டும் கட்டணம், பெனிபிட் சாங்ஷனால் (விதியை மீறியதற்கான வெட்டு) வந்த குறைவு, கவுன்சிலுக்குக் கட்டும் வீட்டு வரியான கவுன்சில் டாக்ஸ் ஆகியவற்றுக்கு இதில் இடமில்லை. புது வீட்டுக்கான டெப்பாசிட், முதல் மாத வாடகை, வீடு மாறும் லொறிச் செலவு ஆகியவற்றைக் கேட்கலாம், பலருக்குத் தெரியாத விஷயம் இது. வருட வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீட்டுக்கு டெப்பாசிட் ஐந்து கிழமை வாடகைக்கு மேல் கேட்பது இங்கிலாந்தில் சட்டவிரோதம் என்பதால், ஏஜென்ட் ஆறு கிழமை கேட்டிருந்தால் அலுவலர் அதை அங்கேயே வெட்டுவார்.

ஆவணங்களில்தான் விண்ணப்பம் விழுவதும் எழுவதும். வாடகை ஒப்பந்தம், வாடகைக் கணக்கு, யுனிவர்சல் கிரெடிட் ஸ்டேட்மென்ட், கரண்ட் காஸ் பில், கடன் கடிதங்கள், நோய் இருந்தால் குடும்ப மருத்துவரின் (ஜி.பி.) கடிதம் ஆகியவற்றைத் தருவது கடினமல்ல. கடினம் வங்கி ஸ்டேட்மென்டில். கணவன் மனைவி இருவரின் எல்லாக் கணக்குகளுக்கும் இரண்டு மூன்று மாதக் கணக்கு கேட்பார்கள். மொன்ஸோவும் ரெவலூட்டும் பேபாலும் சேர்த்துத்தான். ஒரு கணக்கை விட்டுவிட்டால், இன்னொரு கணக்கிலிருந்து அங்கே போன பணம் காட்டிக்கொடுத்துவிடும்.

நம் வீட்டுக் கணக்குகளில் அலுவலருக்குப் புரியாத வரிகள் சில இருக்கும். மாதம் 500 பவுண்டு யாரோ ஒருவர் பெயருக்குப் போகும், அது சீட்டு. ஒரு மாதம் திடீரென்று 6,000 வரும், அதுவும் சீட்டு, எடுத்தது. யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்கு அனுப்பும் காசு இருக்கும், கோவில் திருவிழா உபயம் இருக்கும். மறைக்கப் பார்க்காதீர்கள். தனித் தாளில் தேதி, தொகை, எதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி இணையுங்கள். சீட்டை எடுத்து முடித்துவிட்டுக் கட்டிக்கொண்டிருப்பவர் அதைக் கடனாக விளக்கலாம், எந்த மாதம் முடிகிறது என்பதையும் எழுதலாம். இன்னும் எடுக்காதவருடையது சேமிப்பு. வாடகை கட்ட முடியாதவர் மாதம் 500 சேமிக்கிறார் என்றுதான் அங்கே படிக்கப்படும். ஊருக்கு அனுப்பும் காசையும் பொதுவாக அத்தியாவசியச் செலவாக ஏற்கமாட்டார்கள். நமக்கு அது எவ்வளவு அத்தியாவசியம் என்பது வேறு கதை.

ஊரில் காணியோ வீடோ பெயரில் இருந்தால் அது யுனிவர்சல் கிரெடிட்டில் சொத்துக் கணக்கில் பெரும்பாலும் வரும். 6,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் ஒவ்வொரு 250க்கும் மாதம் 4.35 வெட்டு, 16,000க்கு மேல் போனால் உதவியே இல்லை. வழக்கில் இருக்கும் காணி, சகோதரர்களோடு பிரிபடாத காணி, விற்க முடியாத காணி ஆகியவற்றின் மதிப்பைக் கணக்கிடுவது எளிதல்ல. இதைச் சொல்லாமல் விட்டவர்கள் சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற இலவச ஆலோசனை இடத்தில் ஆலோசனை பெற்றுவிட்டு மற்றப் படிவத்தைத் தொடுவது நல்லது.

வரவு செலவுப் பக்கத்தில் எல்லாத் தொகையையும் மாதக் கணக்குக்கு மாற்றுங்கள். கார் இன்சூரன்ஸ், பள்ளிச் சீருடை, பஸ் பாஸ் போன்ற வருடச் செலவுகளை மறந்துவிட்டு, மாத முடிவில் 40 பவுண்டு மிச்சம் என்று காட்டியவருக்கு "மிச்சம் இருக்கிறதே" என்று மறுப்புக் கடிதம் வரும். மறுபக்கம், சாப்பாட்டுக்கு 900 என்று எழுதிவிட்டு ஸ்டேட்மென்டில் டெஸ்கோவும் தமிழ்க் கடையும் சேர்ந்து 450தான் என்றால் முழுப் படிவத்தின் நம்பகமும் போகும். தமிழ்க் கடையில் காசாக வாங்குகிறவர்கள் ரசீதை வைத்திருக்க வேண்டும். பிப், அதைப் போன்ற டி.எல்.ஏ உதவி கிடைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: டி.எல்.ஏயின் பராமரிப்புப் பகுதியைத் தானாகவே வருமானமாகச் சேர்த்துக்கொண்ட சாண்ட்வெல் கவுன்சிலின் முறை தவறு என்று 2015இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் காசு நோயின் மேலதிகச் செலவுக்குப் போகிறது என்று வகைப்படுத்தி எழுதுங்கள்.

"நிலைமையை மாற்ற என்ன செய்கிறீர்கள்?" என்ற பெட்டியைக் காலியாக விடுகிறவர்களே அதிகம். மூன்றாவது கேள்விக்கான விடை இங்கேதான் எழுதப்பட வேண்டும். வேலை நேரம் கூட்டக் கேட்ட கடிதம், மலிவான வீடு தேடிய விளம்பரங்களின் பிரதி, கவுன்சில் வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியலில் (ஹவுசிங் ரெஜிஸ்டர்) உங்கள் எண், பிப் முடிவுக்குக் காத்திருப்பது, மகள் ஜி.சி.எஸ்.ஈ பள்ளிப் பரீட்சை எழுதும் வருடம் என்பதால் ஜூன்வரை பள்ளிக்கருகே இருக்க வேண்டியது ஆகியவையெல்லாம் நல்ல விடைகள். எத்தனை மாதம் வேண்டும் என்றும் குறிப்பிடுங்கள். "முடிந்தவரை" என்றால் குறைவாகத்தான் வரும்.

கவுன்சில் டாக்ஸ் குறைப்பு தனி விண்ணப்பம். யுனிவர்சல் கிரெடிட் கிடைத்ததும் இது தானாகவே வரும் என்று நம்பி மாதக்கணக்கில் இழந்தவர்கள் ஏராளம். 2013 ஏப்ரல் முதல் ஒவ்வொரு கவுன்சிலுக்கும் வேலை செய்யும் வயதினருக்கான சொந்தத் திட்டம் இருக்கிறது. பின்தேதியிட்டு முந்தைய மாதங்களுக்கும் கேட்பதற்கான விதியும் அதற்கேற்ப வேறு. வீட்டில் வயதுவந்தவர் ஒருவர் மட்டும் என்றால் வருமானம் பார்க்காமல் 25 சதவீதத் தள்ளுபடி. அதற்கும் மேல் முடியாவிட்டால் 1992ஆம் ஆண்டு உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 13A பிரிவின் கீழ் கஷ்டகாலக் குறைப்பு கேட்கலாம். பிரிவு எண்ணைக் கடிதத்தில் எழுதினால் சரியான மேசைக்குப் போகும்.

விசாவில் "பப்ளிக் ஃபண்ட்ஸ் இல்லை" (அரசு உதவிப் பணம் பெற முடியாது) என்று இருப்பவர்கள் எதையும் நிரப்புவதற்கு முன் குடிவரவு ஆலோசகரைக் கேட்க வேண்டும். யுனிவர்சல் கிரெடிட், ஹவுசிங் பெனிபிட், கவுன்சில் டாக்ஸ் குறைப்பு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. வாங்கினால் விசா நீடிப்பில் பிரச்சினை வரும். பிள்ளைகள் இருந்து சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் வழியில்லை என்றால் 1989ஆம் ஆண்டுப் பிள்ளைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவு உதவி வேறு வழி. அது சமூக சேவைப் பிரிவிடம் கேட்பது, அந்தப் பட்டியலில் சேராது.

ஆங்கிலம் தடையானால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தொலைபேசியிலேயே சொல்லுங்கள், ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பத்து வயதுப் பிள்ளையை வீட்டின் கடன் கணக்கை மொழிபெயர்க்க வைப்பது எந்த வகையிலும் நல்லதல்ல.

மறுப்பு வந்தால் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு கிடையாது. கடிதத்தில் சொன்ன காலத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும், பல கவுன்சில்களில் அது ஒரு மாதம். பழைய வாதத்தைத் திருப்பி எழுதாமல், மறுப்பில் சொன்ன காரணத்துக்கு மட்டும் புது ஆதாரம் வையுங்கள். கவுன்சில் நடைமுறையில் பிழைவிட்டிருந்தால், அதன் புகார் வழிகளை முடித்துவிட்டு கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். உதவி கிடைத்தவர்கள் முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து, ஒரு மாதம் முன்பே அடுத்ததைக் கேட்க வேண்டும், தானாக நீடிக்காது.

இதற்கிடையில் வீட்டுக்காரரோடு கதைப்பதை நிறுத்தாதீர்கள். விண்ணப்பம் போட்ட தேதியையும் எண்ணையும் எழுத்தில் அனுப்புங்கள். இரண்டு மாத வாடகை பாக்கியானால் யுனிவர்சல் கிரெடிட் வாடகையை நேரே வீட்டுக்காரருக்கு அனுப்பும் ஏற்பாட்டை அவரும் கேட்கலாம், நீங்களும் கேட்கலாம். வாடகை கூட்டினால் அதே மாதம் ஜேர்னலில் போடுங்கள்; பிந்தினால் விட்ட மாதங்களின் வித்தியாசம் கிடைக்காது. 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் காரணமில்லாமல் வீட்டைவிட்டு எழுப்பும் 21ஆம் பிரிவு அறிவிப்பு இல்லை. கட்டாய வெளியேற்றத்துக்கு மூன்று மாத வாடகை பாக்கி வேண்டும், யுனிவர்சல் கிரெடிட் இன்னும் வந்துசேராததால் மட்டும் விழுந்த பாக்கி அதில் சேராது. வாடகையை வருடத்துக்கு ஒரு தடவைதான் ஏற்றலாம், அதுவும் இரண்டு மாத முன்னறிவிப்போடு; சந்தை வாடகையைவிட அதிகம் என்றால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

அறிவிப்பு வந்தவுடன் சாவியைக் கொடுத்துவிட்டு உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 56 நாட்களுக்குள் வீடு போகும் நிலை என்றால், வீட்டைக் காப்பாற்றவோ வேறு வீடு பார்க்கவோ உதவ வேண்டிய கடமை கவுன்சிலுக்கு 2018 ஏப்ரல் முதல் உண்டு. தாமாக வெளியேறியவரை வேண்டுமென்றே வீடிழந்தவர் என்று முடிவு செய்ய இடமுண்டு. அறிவிப்பின் பிரதியோடு வீடின்மைப் பிரிவுக்குப் போகும்வரையும், அவர்கள் எழுத்தில் ஏதாவது தரும்வரையும் வீட்டைவிட்டு இறங்காதீர்கள்.