மாய மனிதனுக்கு என்ன பவர்?

சூப்பர் பவர் கதை என்றாலே எனக்குக் கொஞ்சம் அலுப்பு. மின்னல் தாக்கும், இல்லையென்றால் ஏதோ பூச்சி கடிக்கும். அடுத்த காட்சியில் ஆள் பறப்பான். ஆனால் எச்.ஜி.வெல்ஸ் 1897-இல் எழுதிய ‘தி இன்விசிபிள் மேன்’ (கண்ணுக்குத் தெரியாத மனிதன்) நாவல் எனக்கு நெருக்கமானது. காரணம், என் பிழைப்பு மூக்குக் கண்ணாடிக் கடையில்.

அதில் கிரிஃபின் என்ற விஞ்ஞானி மறைவது மந்திரத்தால் அல்ல. உடம்பின் ஒளிவிலகல் எண்ணை, அதாவது ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்று சொல்லும் எண்ணை, காற்றின் அளவுக்குக் கொண்டுவந்து, ரத்தத்தின் நிறத்தையும் போக்கிவிடுகிறான். 1.5, 1.56, 1.67 என்று ‘இன்டெக்ஸ்’ சொல்லி நாங்கள் லென்ஸ் விற்கிறோமே, அதே எண்தான். போரோசிலிகேட் கண்ணாடிக் குச்சி ஒன்றைக் கிளிசரினில் முக்கிப் பாருங்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய 1.47, குச்சி காணாமல் போகும்.

சரி, மறைந்தாயிற்று. அப்புறம்தான் வெல்ஸ் அவனைப் பாடாய்ப் படுத்துகிறார். உடுப்பு மறையாது, ஆகவே லண்டனின் ஜனவரிக் குளிரில் அம்மணமாக அலைகிறான். சாப்பிட்டால் செரிக்கும்வரை சோறு வெளியே தெரியும். பனி பெய்தால் உருவம் தெரியும், சேற்றுக் கால்தடத்தைப் பார்த்துச் சிறுவர்கள் துரத்துகிறார்கள். நாய்க்கோ மோப்பமே போதும். எனக்குப் பிடித்தது படிக்கட்டு. தன் பாதம் தனக்கே தெரியாததால் இறங்கும்போது தடுமாறுகிறான். இதை யோசிக்க உட்கார்ந்து எழுதும் பொறுமை வேண்டும்.

இவ்வளவு யோசித்தவரும் கண்ணில்தான் மாட்டினார். விழித்திரை ஒளியைப் பிடித்தால்தான் பார்வை. எல்லாம் ஊடுருவிப் போனால் ஆள் குருடன். ரஷ்ய அறிவியல் எழுத்தாளர் யாகோவ் பெரல்மான் இதைத்தான் கேட்டார். வெல்ஸ் பக்கம் ஒரு சின்னச் சால்ஜாப்பு உண்டு: கிரிஃபின் முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்க்கும்போது விழித்திரைக்குப் பின்னால் மங்கலாகக் கொஞ்சம் நிறமி மிஞ்சியிருக்கிறது. அதை வைத்து ஒளியைப் பிடித்தான் என்றே வைத்துக்கொள்வோம்.

ஆனால் ஃபோகஸ்? அங்கே விட மாட்டேன். நம் கண்ணின் பவர், அதாவது ஒளியை வளைத்துக் குவிக்கும் திறன், சுமார் 60 டயாப்டர். அதில் பெரும்பங்கு கருவிழியுடையது, அதுவும் காற்றுக்கும் அதற்கும் உள்ள இன்டெக்ஸ் வித்தியாசத்தால் வருவது. கிணற்றுக்குள் கண் திறந்தால் எல்லாம் கலங்கித் தெரிவது அந்த வித்தியாசம் குறைவதால்தான். கிரிஃபினுக்கு வித்தியாசமே இல்லை, ஆகவே பவர் பூஜ்யம்.

அப்படியென்றால் ஃபோகஸ் முழுவதையும் மூக்குக் கண்ணாடிதான் செய்ய வேண்டும். எத்தனை பவர் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூக்கில் உட்காரும் கண்ணாடியிலிருந்து விழித்திரை வரை ஏறத்தாழ 36 மில்லிமீட்டர். ஒளி குவிய வேண்டிய தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து 1000-ஐ அதனால் வகுத்தால் டயாப்டர்; 1000-ஐ 36-ஆல் வகுத்தால் ஏறத்தாழ +28 வருகிறது. அந்தக் காலத்தில் கண்புரை ஆபரேஷன் ஆனவர்கள் போட்ட சோடாபுட்டிக் கண்ணாடியே +10 சுமார்தான். இவனுக்கு அதைப்போல் மூன்று மடங்கு கனத்தில் லென்ஸ் வெட்ட வேண்டும். வெட்டிக் கொடுத்தாலும் தெருவில் இறங்க முடியாது, காற்றில் மிதந்து வரும் ஒரு ஜோடி லென்ஸைப் பார்த்து ஊரே கூடிவிடும்.