அட்டைப்பெட்டித் தாளம்

பள்ளி மலருக்கு எழுதச் சொன்னால் எல்லாரும் அதிபரையும் பிக் மாச் கிரிக்கெட்டையும்தான் எழுதுவார்கள். நான் ஓர் இசைத்தட்டைப் பற்றி எழுதுகிறேன். 1971இல் விடுதியில் இருந்தவர்களுக்கு எந்தத் தட்டு என்று இப்போதே விளங்கியிருக்கும்.

மேல் வகுப்பு அண்ணை ஒருவர் விடுமுறை முடிந்து கொழும்பிலிருந்து திரும்பும்போது, உடுப்புகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தது அது. உறையில் கோட்டுப் போட்ட நாலு பேர். அவர்களில் ஒருவர் என்னைப்போலக் கண்ணாடிக்காரர். எனக்கு அதிலேயே பாதி மயக்கம். மேலே ‘கிரிக்கெட்ஸ்’ என்று பெயர். விடுதிப் பொறுப்பாசிரியர் எடுத்துப் பார்த்துவிட்டு, “கிரிக்கெட் ரீமோ? சரி, சரி” என்று போய்விட்டார். அது சில்வண்டு என்று எங்களுக்கும் பிறகுதான் தெரிந்தது.

அமெரிக்க ரொக் அன்ட் ரோல் பாடகர் பட்டி ஹொலியின் குழுதான் கிரிக்கெட்ஸ். அவர்கள் 1957 நவம்பரில் வெளியிட்ட முதல் நீள இசைத்தட்டு (எல்.பி.) அது. பன்னிரண்டு பாட்டு, அரை மணித்தியாலம்கூட ஓடாது. நாங்கள் கேட்கும்போதே பழைய சரக்குத்தான். ஹொலி 22 வயதில் விமான விபத்தில் இறந்து அப்போதே பன்னிரண்டு வருடமாகியிருந்தது. ஆனால் ‘தட் வில் பி த டே’யில் ஒரு சொல்லை விக்கல் வந்தவர்போல உடைத்து உடைத்து அவர் பாடுவதைக் கேட்டு முதலில் சிரித்தோம். ஒரு கிழமைக்குள் குளிக்கும் இடத்தில் எல்லாருக்கும் அந்த விக்கல்.

என் பாட்டு இரண்டாவது: ‘நொட் ஃபேட் அவே’. தம், தம், தம்... தம்தம். போ டிட்லி என்ற கறுப்பினக் கலைஞர் பிரபலமாக்கிய தாளம். அதை வைத்து மேசை, வாளி, பிஸ்கட் தகரம் ஒன்றையும் விடவில்லை. சரஸ்வதி பூசைக்கு மிருதங்கம் வாசிக்கும் என் கட்டில் பக்கத்து நண்பன் மட்டும் சேராமல் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: “இது ட்ரம் இல்லையடா. பெட்டியில தட்டுறாங்கள் போல கிடக்கு.” நாங்கள் விட்ட நக்கலில் அவன் இரண்டு நாள் பேசவில்லை.

லண்டனுக்கு வந்து பல வருடங்களின் பின் அதே தட்டைச் சீடியாக வாங்கினேன். அப்புறம்தான் அதைப் பற்றித் தேடி வாசித்தேன். குழுவின் ட்ரம் வாசிப்பவர் ஜெரி அலிசன் ‘நொட் ஃபேட் அவே’யில் தட்டியது அட்டைப்பெட்டியேதான்! அதைப் பதிந்தது அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில் குளோவிஸ் என்ற சின்ன ஊரில், நோர்மன் பெட்டி என்ற தயாரிப்பாளரின் ஒலிப்பதிவுக்கூடத்தில். அவர் மணிக்கணக்கில் காசு வாங்குவதில்லை, பாட்டுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. மணிக்கூட்டைப் பார்க்கத் தேவையில்லாத பெடியள் பெட்டியில் தட்டிப் பார்க்காமல் என்ன செய்வார்கள்? தட்டில் உள்ள வேறு நாலு பாட்டை ஒக்லஹோமாவில் விமானப்படைத் தளம் ஒன்றில் பதிந்திருக்கிறார்கள். ‘பிக்ஸ்’ என்ற குழு பின்னால் சேர்த்துப் பாடிய ‘ஆ, ஊ’க்கள்தான் எனக்கு இன்றைக்கும் இடைஞ்சல். அவை இல்லாவிட்டால் விடுதி அறையில் நாங்களே பாடியதுபோல இருக்கும்.

உடனே ரொறொன்ரோவிலிருந்த அந்த மிருதங்க நண்பனுக்கு ஃபோன் எடுத்து, “மச்சான், அட்டைப்பெட்டிதானாம்” என்றேன். எந்தப் பாட்டு என்றுகூட அவன் கேட்கவில்லை.

“நான் அப்பவே சொன்னனான்தானே” என்றவன், ரிசீவரில் விரலால் தட்டினான். தம், தம், தம்... தம்தம்.