7 லீவர் பூட்டு

பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளிக்கு வாரம் ஒரு நாள், புதன்கிழமை, குழந்தைகளோடு பேசப் போகிறேன். வாயால் பேசுகிற பிள்ளைகள் குறைவு. அதனால் வெள்ளைத் தாள், பென்சில், ரப்பர். ஒரு வீடு, ஒரு மரம், ஒரு ஆள் வரையச் சொல்வேன். வரைந்த படத்தை வைத்து ஒருவரின் மனதை அறிய, ஜான் பக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1948இல் கொண்டுவந்த முறை இது.

இதைப் படித்த காலத்தில் எங்களையும் வரைய வைத்தார்கள். குடும்பத்தில் எல்லாரும் ஆளுக்கொரு வேலை செய்கிற மாதிரி வரைய வேண்டும். பர்ன்ஸ், காஃப்மன் இருவரும் 1970இல் எழுதிய முறை. அம்மா ராகி புடைக்கிறாள், தம்பி மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறான், நான் படித்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் அப்பாவின் லாரி. பம்பரில் தொங்கும் எலுமிச்சம்பழம் மிளகாய் வரைக்கும் போட்டிருந்தேன்.

"அப்பா எங்கேம்மா?" என்றார் பயிற்சி தந்த மேடம்.

"தாளில் இடம் பத்தலை மேடம்." கால்வாசித் தாள் காலியாகக் கிடந்தது. உடனே மாற்றிச் சொன்னேன்: "லோடு ஏத்திட்டுப் போயிருக்கார்."

"லாரி இங்கேயே நிக்குதே, எதுல போனார்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், அழுகை வராமல் இருக்க. அப்பாவை விட்டுவிட்டு வரைந்தது ஒன்று. கேட்டதும் கை மேலே காரணம் வைத்திருந்தது இன்னொன்று. அதற்கு நியாயம் கற்பித்தல் என்று பெயர். இப்படி மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் உத்திகளை ஃபிராய்டின் மகள் அன்னா ஃபிராய்டு 1936இல் ஒரே நூலில் தொகுத்து எழுதினார். பரீட்சைக்கு அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்திருந்தவள்தான் நான்!

அந்த உத்திகள் குழந்தைகளின் படங்களில் எப்படித் தெரியும், எந்த வயதில் எது இயல்பு என்று மைரா லெவிக் என்ற ஓவிய சிகிச்சையாளர் 1983இல் எழுதினார். வயதைச் சேர்த்துப் பார்ப்பது எனக்குப் பிடித்தது. மற்றபடி, கை இல்லாத ஆள் என்றால் இயலாமை, மரத்தில் பொந்து இருந்தால் பழைய காயம் என்று பஞ்சாங்கம் பார்க்கிற மாதிரி படம் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஆய்வுகளிலும் அந்த ஒற்றை அடையாள வாசிப்பு தேறவில்லை.

போன மாதம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். ஸ்கேல் இல்லாமல் ஒரு கோடு போட மாட்டேன் என்றான். போட்டதை அழித்தான், மறுபடி போட்டான், மறுபடி அழித்தான். தாள் தேய்ந்து பஞ்சாகிவிட்டது. மரத்தில் பொந்து இருந்தது. கேட்டேன். "மைனா பொந்து மிஸ்." சரி. ஆள் வரையச் சொன்னால், "எனக்கு ஆள் வராது மிஸ்."

வீட்டுக்கு ஜன்னல் இல்லை. கதவில் மட்டும் பெரிய பூட்டு, சாவித் துவாரத்தோடு. அதன் மேல் 7 என்று எழுதியிருந்தான், 7 லீவராம். அதை மட்டும் ஒரு தடவைகூட அழிக்கவில்லை.

மனதை மூடிக்கொள்கிறான் என்று நோட்டில் பாதி எழுதிவிட்டேன். அப்புறம்தான் கேட்கத் தோன்றியது.

"இது யார் வீடுப்பா?"

"எங்க வீடு மிஸ்."

பொங்கல் முடிந்ததும் அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். அன்று பூட்டிய வீடு. இவன் இரண்டு தெரு தள்ளி ஆயா வீட்டில் இருக்கிறான். ஸ்கூல் விட்டதும் அந்தப் பக்கமாகத்தான் போவான். அவன் பார்ப்பதைத்தான் வரைந்திருக்கிறான். அதற்காக நான் எழுதிய பாதி வரி பொய்யும் இல்லை. ஜன்னல் ஏன் இல்லை, ஆள் ஏன் வரவில்லை என்பதெல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தப் பூட்டை நான் உடைத்துத் திறந்தால் உள்ளே யார் இருக்கப் போகிறார்கள்?

"சாவி யார்கிட்ட இருக்கு?"

"ஆயா சுருக்குப்பையில ஒண்ணு. இன்னொண்ணு அம்மாகிட்ட."

நோட்டில் இருந்ததை அடித்துவிட்டு, சாவி இரண்டு என்று மட்டும் எழுதினேன்.

அடுத்த புதன் அவனே வந்து பழைய தாளைக் கேட்டான். திண்ணை விட்டுப்போச்சாம். ஸ்கேல் வைத்துத்தான் அதையும் போட்டான்.