மூடி தேடும் பட்டர் டிஷ்: மூன்றாம் வருட நிலவரம்

அச்சில் அழுத்திச் செய்த பழைய கண்ணாடிப் பாத்திரங்களைச் சேர்க்கிறேன். இன்றைய நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்பூன் சொருகி வைக்கிற ஸ்பூனர் இருக்கிறது, பால் ஊற்றுகிற கிரீமர் இருக்கிறது, சர்க்கரைக் கிண்ணம் மூடியோடு இருக்கிறது. வெண்ணெய் வைக்கிற பட்டர் டிஷ்ஷில் அடித்தட்டு மட்டும்தான் இருக்கிறது, மேல்மூடி இல்லை. இந்த நாலும் சேர்ந்தால்தான் பழைய அமெரிக்க வீடுகளில் ‘டேபிள் செட்’ என்று சொன்ன தொகுப்பு முழுசாகும். நான் மூன்றரையில் நிற்கிறேன்.

எல்லாம் ஒரு டம்ளரில் ஆரம்பித்தது. ஒஹாயோவில் கொலம்பஸ் பக்கம் எங்கள் வீடு. பத்து நிமிட தூரத்தில் இருக்கும் த்ரிஃப்ட் ஸ்டோரில் (பழைய சாமான் கடை) மூன்று டாலருக்கு ஒரு கனமான கண்ணாடிப் பாத்திரம் கிடைத்தது. நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான உயரம், உடம்பு முழுக்கக் கற்கண்டை அடுக்கி வைத்தது போலச் சின்னச் சின்னக் கட்டம். மோர் குடிக்க நல்லா இருக்கும் என்று வாங்கி வந்தேன். விளிம்பு மேடும் பள்ளமுமாக இருந்ததால் மோர் வாயோரம் வழிந்தது. அழகாக இருக்கிறதே என்று ஜன்னலோரம் வைத்து, பேனா போட்டு வைத்திருந்தேன்.

அதன் பெயரே ஸ்பூனர் என்று தெரிய ஆறு மாதம் ஆனது. ஒரு ஆன்டிக் மாலில் அதே கட்டம் போட்ட ஜாடி ஒன்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடை போட்டிருந்த பாட்டியிடம் என் டம்ளரின் படத்தைக் காட்டினேன். “இது ஸ்பூன் வைக்கிற பாத்திரம். என் பாட்டி வீட்டு மேசையில் எப்போதும் நடுவில் நிற்கும்” என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஸ்பூன்களை இதில் செங்குத்தாகச் சொருகி மேசை நடுவில் வைப்பார்களாம். வெள்ளி ஸ்பூன் இருக்கிற வீட்டில் அது பார்வைக்கும் ஆயிற்று, உபயோகத்துக்கும் ஆயிற்று. கூடவே வெண்ணெய், பால், சர்க்கரைக்கு மூன்று பாத்திரம். அன்றைக்கே மற்ற மூன்றையும் தேடிப் பிடிப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

என்னுடையது ஃபாஸ்டோரியா கண்ணாடி ஆலையின் ‘அமெரிக்கன்’ வரிசை. இந்த ஆலை 1887இல் ஒஹாயோவின் ஃபாஸ்டோரியா ஊரில் தொடங்கியது; 1891இல் மேற்கு வர்ஜீனியாவின் மவுண்ட்ஸ்வில்லுக்கு இடம் மாறியபோதும் பழைய ஊர்ப் பெயரை விடவில்லை. ‘அமெரிக்கன்’ 1915இல் வந்தது, 1986இல் ஆலை மூடும்வரை ஓடியது. எழுபது வருடத்துக்கு மேல் ஒரே டிசைன்! அம்மா வாங்கிய தட்டுக்கு மகள் கிண்ணம் வாங்கிச் சேர்த்த வீடுகள் இங்கே எத்தனையோ. அதனால்தான் எஸ்டேட் சேல்களில் (ஒரு வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்கிற விற்பனை) இது அடிக்கடி கண்ணில் படுகிறது. புதிதாகச் சேர்க்க நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அபூர்வமான ஒன்றைத் துரத்திக்கொண்டு போனால் கை பழகவே பழகாது. நிறையக் கிடைப்பதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தால்தான் பழகும்.

கை பழகுவது என்று சொன்னேனே, அதற்கு இது எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிய வேண்டும். ஒருவர் இரும்புக் கம்பியின் நுனியில் உருகிய கண்ணாடியைச் சுருட்டி எடுத்து அச்சுக்கு மேலே பிடிப்பார். அழுத்துகிற ஆள் வேண்டிய அளவு விழுந்ததும் கத்தரியால் வெட்டுவார், உடனே நெம்புகோலை இழுப்பார். மேலிருந்து உலக்கை போன்ற இரும்பு இறங்கி அழுத்தும், கண்ணாடி அச்சின் மூலைமுடுக்கெல்லாம் போய் நிறையும். நம் ஊர் முறுக்கு அச்சு மாதிரிதான், ஆனால் இங்கே மாவு வெளியே வருவதில்லை, உள்ளேயே உருவம் பிடிக்கிறது. அதனால் வெளிப்பக்கம் கட்டம் கட்டமாக இருந்தாலும் உட்பக்கம் வழவழவென்று இருக்கும். அச்சுக்குள் ஊதிச் செய்த கண்ணாடியில் விரலை உள்ளே விட்டால் வெளியே இருக்கிற மேடு பள்ளம் உள்ளேயும் தட்டுப்படும். கையால் வெட்டிப் பட்டை தீட்டியதில் முனை விரலைக் கீறுகிற மாதிரி கூர்மையாக இருக்கும். அச்சுக் கண்ணாடியில் அதே முனை கொஞ்சம் மழுங்கியிருக்கும். சில உருப்படிகளில் முடி விழுந்தாற்போல ஒரு மெல்லிய கோடு தெரியும். முதலில் விரிசல் என்று நினைத்து நல்ல கிண்ணம் ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். அது கத்தரி வெட்டிய இடத்தின் தழும்பு. நகத்தால் வருடினால் விரிசல் தட்டும், தழும்பு தட்டாது.

பணக்காரர் வீட்டு வெட்டுக் கண்ணாடியின் தோற்றத்தைச் சாதாரண வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது இந்த நெம்புகோல்தான். 1820களில் அமெரிக்காவில் இது சூடு பிடித்தது. பிட்ஸ்பர்க்கின் ஜான் பேக்வெல் 1825இல் மேசை அலமாரிக் குமிழ்களை அச்சில் அழுத்திச் செய்யக் காப்புரிமை வாங்கினார். அதே வருடம் மாசச்சூசெட்ஸின் சாண்ட்விச் ஊரில் டெமிங் ஜார்வ்ஸ் தொடங்கிய ஆலை 1888 வரை நடந்தது. அந்தக் காலத்துச் சாண்ட்விச் தட்டுகளில் பின்னணி முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி வைத்திருப்பார்கள். பார்க்க லேஸ் துணி மாதிரி இருக்கும், அச்சில் கண்ணாடி சீக்கிரம் ஆறிவிட்டால் விழுகிற சுருக்கமும் அதில் மறைந்துவிடும். குறையை மறைக்க வந்த புள்ளியே கோலமாகிவிட்டது. அந்தத் தட்டை நேரில் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது.

அப்புறம் 1864. மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரத்து ஆலை ஒன்றில் வில்லியம் லெய்டன் ஈயம் சேர்க்காமல் சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளிவான கண்ணாடி வரவழைத்தார். விலை சரிந்தது. ஈயம் சேர்த்ததைச் சுண்டினால் ‘கணீர்’ என்று நீளமாக ஒலிக்கும், சேர்க்காதது ‘டக்’ என்று நின்றுவிடும். பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிற வீட்டில் வளர்ந்ததால் இந்தச் சோதனை எனக்கு உடனே கைவந்துவிட்டது. ஒரு விஷயம்: கணீர் என்று ஒலிக்கிற ஈயக் கண்ணாடியில் ஊறுகாயோ எலுமிச்சை ரசமோ ஊற்றி வைக்காதீர்கள், புளிப்பு ஈயத்தை இழுக்கும். அவை அலமாரியில் இருக்கட்டும்.

அச்சு வார்த்ததும் ஆலையில் இன்னொரு வேலை உண்டு. நல்ல ஆலைகள் உருப்படியைத் திரும்ப நெருப்பில் காட்டி மேற்பரப்பை லேசாக இளக்கிப் பளபளப்பேற்றும். அச்சின் துண்டுகள் சேர்ந்த வரி அதில் அமுங்கிவிடும். ‘அமெரிக்கன்’ போலவே கட்டம் போட்ட ‘வைட்ஹால்’ என்று இன்னொரு வரிசை இருக்கிறது, இண்டியானா கிளாஸ் செய்தது. தேடத் தொடங்கிய இரண்டாம் மாதமே நான் அதை ஃபாஸ்டோரியா என்று நினைத்து இரண்டு டம்ளர் வாங்கிவிட்டேன். வீட்டில் ஸ்பூனருக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். ஸ்பூனரில் வரியைத் தேட வேண்டியிருந்தது, டம்ளரில் மேலிருந்து கீழே ஒரு வரி பளிச்சென்று விரலில் ஓடியது. அந்த டம்ளர்கள் இப்போது தினசரி மோருக்கு.

கிரீமர் முதல் வருடத்திலேயே கிடைத்தது, எட்டு டாலர். சர்க்கரைக் கிண்ணத்தில்தான் அடி வாங்கினேன். போன ஜனவரியில், வெளியே உறைநிலைக்கும் கீழே குளிர். வாங்கிய கிண்ணம் மத்தியானம் முழுக்கக் கார் டிக்கியில் கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் ஆசை தாங்காமல் நேரே சிங்க்கில் வைத்து வெந்நீரைத் திறந்தேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அடியிலிருந்து கைப்பிடி வரை ஒரு விரிசல். அச்சுக் கண்ணாடி ஓரிடத்தில் தடிமன், ஓரிடத்தில் மெல்லிசு. வெளித்தோல் சட்டென்று விரிய, உள்ளே இன்னும் சில்லென்று இருக்க, இரண்டும் இழுத்துக்கொண்டு பிளந்துவிடுகிறது. எழுபது எண்பது வருடம் யார் யார் வீட்டிலோ பத்திரமாக இருந்த பொருள், என் கையில் பத்து நொடி தாங்கவில்லை. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது குளிர்காலத்தில் வாங்கியதைச் செய்தித்தாளில் சுற்றியபடியே ஒரு ராத்திரி கூடத்தில் வைத்துவிட்டுத்தான் மறுநாள் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுகிறேன். சிங்க்கின் அடியில் ஒரு துண்டையும் விரித்துக்கொள்கிறேன். மூடி மட்டும் தப்பித்திருந்தது. ஏழு மாதம் கழித்து அதற்குப் பொருந்துகிற கிண்ணம் ஒன்று மூடியில்லாமல் கிடைத்தது.

மதுரையில் இருக்கிற அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. வீடியோவில் காட்டியபோது, “ஏண்டி, யாரோ தின்ன எச்சில் பாத்திரத்தையா காசு கொடுத்து வாங்குற? மூளி கீளி இருந்தா வீட்டுக்குள்ளயே வைக்காத” என்றாள். மூளி விஷயத்தில் அம்மா சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன். வாங்குமுன் விளிம்பைச் சுற்றி விரலை ஒரு சுற்று ஓட்டிவிடுவேன். கண்ணுக்குத் தப்புகிற சில்லு விரலுக்குத் தப்பாது. விளிம்பு மூளியானால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். எச்சில் விஷயத்தில் அம்மாவும் கொஞ்சம் இறங்கி வந்தாள். கிரீமரின் உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்ததைக் காட்டினேன். “எலுமிச்சம் மூடியை வெச்சுத் தேய், உப்புத்தண்ணிக் கறை போகிற மாதிரி போகும்” என்றாள். போயிற்று. சுண்ணாம்புப் படிவு என்றால் எலுமிச்சையோ வினிகரோ போதும். டிஷ்வாஷரில் வருடக்கணக்காகப் போட்டு மங்கிப்போனது வேறு கதை. அது கறை இல்லை, கண்ணாடியே அரிபட்டிருக்கிறது, எதற்கும் போகாது. ஈரமாக இருக்கும்போது தெளிவாகத் தெரிவதால் விற்கிறவர் துடைத்துக் காட்டும்வரை பொறுத்திருங்கள்.

இனி பட்டர் டிஷ். அடித்தட்டு ஒரு எஸ்டேட் சேலில் பன்னிரண்டு டாலருக்குக் கிடைத்தது. மூடிதான் வரமாட்டேன் என்கிறது. காரணம் எளிது: தினமும் எடுத்து எடுத்து வைத்தது மூடியைத்தான், கைதவறி விழுந்ததும் அதுதான். சேகரிப்பவர்கள் வேறு வேறு உருப்படியின் மேலும் கீழும் சேர்த்து விற்பதைக் ‘கல்யாணம்’ என்கிறார்கள். போன மாதம் ஒரு கடையில் அப்படி ஒரு ஜோடி இருந்தது. மூடியைச் சுழற்றிப் பார்த்தேன், கடகடவென்று ஆடியது. கட்டத்தின் அளவும் கொஞ்சம் பெரிசு. என் சர்க்கரைக் கிண்ணமும் கல்யாணம்தான், ஆனால் அது ஒரே அச்சில் பிறந்த இரண்டு பேருக்குள் நடந்தது. சுழற்றினால் அசையாமல் உட்காருகிறது.

இடையில் ஒஹாயோவிலேயே இருக்கிற நூவார்க் போய் ஹைசி கண்ணாடி மியூசியம் பார்த்தோம், இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள். 1896 முதல் 1957 வரை ஓடிய ஆலை அது; பல உருப்படிகளில் வைரக் கட்டத்துக்குள் ‘எச்’ என்று எழுத்துப் பொறித்திருப்பார்கள். மகள் அடிப்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அந்த முத்திரையைக் கண்டுபிடிக்கப் பழகிவிட்டாள், இப்போது கடைகளில் என்னைவிட அவள் கண்தான் வேகம். “அம்மா, வைரம்!” என்று அவள் கூப்பிட்டால் கடையே திரும்பிப் பார்க்கிறது. அவளுக்கு ஒரு கறுப்பு விளக்கு (புற ஊதா ஒளி) டார்ச்சும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். 1930களின் பச்சைக் கண்ணாடித் தட்டுகளில் பலவற்றில் யுரேனியம் கலந்திருப்பதால் அந்த வெளிச்சத்தில் தளிர்ப்பச்சையாக ஒளிரும். அது அவளுடைய சேகரிப்பு, என் அலமாரியில் கலக்கவில்லை.

அடுத்து மவுண்ட்ஸ்வில். அங்கே ஃபாஸ்டோரியா கண்ணாடிக்கென்றே மியூசியம் இருக்கிறது. வசந்தம் வந்ததும் போகலாம் என்றிருக்கிறோம், வழியில் இருக்கிற ஆன்டிக் மால் ஒன்றையும் விடப்போவதில்லை. அடித்தட்டைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்பதால், மூடி உட்காருகிற பள்ளத்தின் அளவுக்குப் பழைய காலண்டர் அட்டையில் ஒரு வட்டம் வெட்டி வைத்திருக்கிறேன். ஓரத்தில் பென்சிலால் ‘மூடி’ என்று எழுதியிருக்கிறது. கைப்பையில் மளிகைச் சீட்டோடு சீட்டாக அதுவும் இருக்கிறது.